பாம்பு கடித்து ஐந்து மாதம்: “அவர் பழைய ஆளாக இல்லை, டாக்டர்”

திருவாரூர் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 42 வயது. சொந்த நிலம் ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு மூன்று ஏக்கர். தை மாதத் தொடக்கத்தில், சம்பா அறுத்த நெல்லுக்குக் காவலாகக் களத்துக்குப் போனவரை ராத்திரி வைக்கோலுக்குள் இருந்த பாம்பு கணுக்காலில் கடித்துவிட்டது. துண்டால் காலை இறுக்கிக் கட்டி, பக்கத்து ஊர் பச்சிலை வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். அவர் மிளகைக் கடிக்கச் சொன்னார். காரம் தெரிந்தது. “விஷம் ஏறவில்லை” என்று சாறு கொடுத்து அனுப்பிவிட்டார். விடியற்காலை ஈறில் ரத்தம் கசிந்தது, சிறுநீர் கறுத்துப் போனது. அப்புறம்தான் அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து 20 குப்பி, ஆறு முறை டயாலிசிஸ், 22 நாள் படுக்கை. பிழைத்து வீட்டுக்கு வந்தார்.

இப்போது ஆனி பிறந்துவிட்டது. ஊரில் குறுவை நடவு நடக்கிறது. அவரோ பாதி நாள் படுத்தே இருக்கிறார். நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, வெயில் நாளிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்கிறார். இரண்டு நாளைக்கு ஒருமுறை சவரம் செய்தவருக்கு இப்போது பத்து நாளானாலும் முகம் வழவழவென்று இருக்கிறது. “நம்ம தாம்பத்தியமும் நின்னு போச்சு, டாக்டர். நீங்க பொம்பளை டாக்டர்ங்கிறதால எழுதுறேன்” என்கிறார் சகோதரி. ஊர் ‘பயந்துட்டான்’ என்கிறது, மாமியார் நாகதோஷம் என்கிறார். வைத்தியரோ, விஷம் இன்னும் உடம்பில் தங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரி மருந்துதான் கிட்னியைக் கெடுத்தது என்கிறார். பரிகாரத்துக்கு 18,000 ரூபாய் கடன் வாங்கலாமா, குத்தகை நிலத்தை விட்டுவிடலாமா, திண்ணையில் தரையில் படுக்கும் இரண்டு பிள்ளைகளை எப்படிக் காப்பது என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கூச்சப்பட்டு ஆறாம் பக்கத்தில் எழுதிய சவரம், குளிர், தாம்பத்தியம் ஆகிய மூன்று விஷயங்களிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது அதுதான்.

ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வந்து, சிறுநீரகமும் நின்றுபோனது என்றால், கடித்தது பெரும்பாலும் கண்ணாடி விரியன். உங்கள் பக்கத்து வயல்களில் நிறைய உண்டு. அதன் விஷம் ரத்தத்தில் உள்ள உறைபொருள்களைத் தூண்டி, கண்ட இடத்திலெல்லாம் பொடிப்பொடியாக உறையவைத்துத் தீர்த்துவிடும். அப்புறம் உறைய எதுவும் மிஞ்சாததால் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். இந்தக் குழப்பத்தில் அடிபடும் உறுப்புகளில் சிறுநீரகத்தை எல்லோருக்கும் தெரியும். தெரியாத இன்னொன்று, மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டு, அட்ரினல், ஆணின் விரை, பெண்ணின் சினைப்பை எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவது அதுதான். கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு இந்தச் சுரப்பிக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டோ, அதற்குள்ளேயே ரத்தம் கசிந்தோ அது செத்துவிடுகிறது. பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போன பெண்களுக்கு, பிறகு பால் சுரக்காமல், மாதவிலக்கு வராமல், சோர்ந்தே கிடக்கும் நிலை வருமே, அதே பாதிப்புதான் இது.

சுரப்பி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அட்ரினலுக்கு உத்தரவு வராததால் ரத்த அழுத்தம் இறங்கி, எழுந்தால் தலை சுற்றும். தைராய்டுக்கு வராததால் குளிரும், உடம்பு கனக்கும். ஆண் சுரப்பு குறைந்து தாடி முளைக்காது, ஆசை இருக்காது. நீங்கள் எழுதியது வரிக்கு வரி இதுதான். கடிதத்தை வைத்து நோயை முடிவுகட்ட என்னால் முடியாது, பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆனால் இதைப் பயம் என்றோ சோம்பேறித்தனம் என்றோ சொல்லி இன்னொரு வாரம் தள்ளிப்போட வேண்டாம். அட்ரினலில் ஊறும் கார்டிசால் என்ற சுரப்பு இல்லாத ஒருவருக்குச் சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால்கூட ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். இடையில் அவர் வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, காய்ச்சலில் சுருண்டு படுத்தாலோ, நல்ல நாள் பார்க்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

ஒருவேளை அதுவாகவே இருந்தாலும் இது தீர்வுள்ள நோய். சுரப்பி தராததை மாத்திரையாகக் கொடுக்கிறோம். பெரும்பாலும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும், மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். இதே நிலையில் வந்த ஒரு நடுத்தர வயது விவசாயியை நான் பார்த்திருக்கிறேன். அவரை எட்டு மாதம் மனநோய் என்று சொல்லி அலைக்கழித்திருந்தார்கள். மாத்திரை தொடங்கி மூன்றாம் வாரம் தானே பஸ் ஏறி வந்து என் முன்னால் உட்கார்ந்தார். அவரோடு வந்த மனைவி பேசவே முடியாமல் அழுதார். அந்த முகம் நினைவில் இருப்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

என்னென்ன பரிசோதனை

அருகில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு இருந்தால் அங்கே அனுப்புவார்கள். காலை எட்டு மணி அளவில் எடுக்கும் ரத்தத்தில் கார்டிசால் பார்க்க வேண்டும். அது காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால் மதியம் எடுத்தால் கணக்கு தவறும். கூடவே டெஸ்டோஸ்டிரோன், சோடியம், சர்க்கரை, தைராய்டு.

தைராய்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் சுரப்பு) மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று சொல்லிவிடுவது உண்டு. அந்த டிஎஸ்ஹெச்சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். சுரப்பியே கெட்டிருக்கும்போது அதன் அளவை நம்ப முடியாது. தைராய்டே சுரக்கும் ஃப்ரீ டி4 சேர்த்துப் பாருங்கள் என்று கேளுங்கள். கார்டிசால், தைராய்டு இரண்டுமே குறைவு என்று வந்தால் முதலில் ஸ்டீராய்டு (கார்டிசாலுக்கு ஈடான மாத்திரை), பிறகுதான் தைராய்டு மாத்திரை. இந்த வரிசை மாறினால் ஆபத்து, மருத்துவருக்கு அது தெரியும்.

அதுவரை மருந்துக்கடையில் தெம்பு ஊசி, வலி ஊசி எதுவும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கார்டிசால் முடிவே மாறிப்போகும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் தேறிவரும் சிறுநீரகத்தைத் திரும்பவும் அடிக்கும். என்ன சேர்த்தார்கள் என்று தெரியாத சூரணம், செந்தூரத்துக்கும் இதே தடை. சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் மூன்றையும் இப்போது ஒருமுறை பார்த்துவிட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து பாருங்கள். ‘ஒருதடவை டயாலிசிஸ் செய்தால் ஆயுசுக்கும் செய்யணும்’ என்று ஊரில் சொல்வது தவறு. விஷத்தால் நின்ற சிறுநீரகம் பலருக்கு மீண்டுவிடும், அதுவரை தாங்கிப்பிடிக்கத்தான் டயாலிசிஸ். சிலருக்கு மட்டும் பழுது தங்கிவிடும். அதனால்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

வைத்தியர் சொன்னதும், மாமியார் சொன்னதும்

விஷம் உடம்பில் மாதக்கணக்கில் தங்காது. சில நாள்களில் வெளியேறிவிடும். அது செய்துவிட்டுப் போன சேதம்தான் மிச்சம். கிட்னியைக் கெடுத்தது விஷமுறிவு மருந்து அல்ல, விஷமும், கட்டு போட்டுக்கொண்டு வைத்தியரின் சாற்றை நம்பிக் கழித்த அந்த ராத்திரியும்தான். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ராத்திரியில், பதற்றத்தில், ஊரே சொல்லும் இடத்துக்குத்தான் யாரும் போவார்கள்.

வைத்தியருக்கு எப்படி இவ்வளவு பேர் என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். வயலில் கடிக்கும் பாம்புகளில் நிறைய விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பும் சாரையும்தான். நல்லபாம்பும் விரியனும்கூடச் சில நேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். இப்படிக் கடிபட்டவர்கள் எல்லோரும் எந்தச் சாறு குடித்தாலும், குடிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். அந்தப் பெருமை வைத்தியருக்குப் போகிறது. மிளகு காரமா, வேப்பிலை கசக்கிறதா என்ற சோதனைக்கும் விரியன் விஷத்துக்கும் சம்பந்தமே இல்லை. ரத்தம் உறையாமல் போவதற்கு நாக்கு ஏன் மரக்க வேண்டும்? மருத்துவமனையில் செய்யும் சோதனையும் எளிமையானதுதான். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் வழிந்தால் விஷமுறிவு உடனே தேவை.

நம் நாட்டில் அந்த மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒன்றாகவே வருகிறது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் அது பெருமளவு தயாராகிறது. ஆகவே பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துவர வேண்டிய அவசியமில்லை. அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடிபடுவதுதான் நடக்கிறது. ‘ஒருமுறை போட்டவர்களுக்கு மறுபடி இந்த மருந்து போடக் கூடாது’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போடலாம். ஒவ்வாமை வருகிறதா என்று கவனித்துப் போடுவோம்.

பாம்பு ஜோடியைக் கொன்றவரைத் தேடி வரும் என்ற பயத்துக்கு வருகிறேன். பாம்புக்கு ஆளை நினைவில் வைத்துப் பழிவாங்கும் மூளை கிடையாது. அடிபட்ட இடத்தில் இன்னொன்று தென்படுவது உண்மைதான். இணைசேரும் காலத்தில் பெண்ணின் வாடை பிடித்து ஆண் வரும். அதைவிடப் பெரிய காரணம், முதல் பாம்பை அழைத்த எலிகள் அங்கேயே இருப்பது. சாரையும் நல்லபாம்பும் பின்னிப் பிணைவதாகச் சொல்வதும் அப்படித்தான். நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பெண்ணுக்காக மல்லுக்கட்டுவது.

உங்கள் மாமியாரோடு சண்டை போட வேண்டாம். மகனைப் பறிகொடுக்க இருந்த தாய் அவர். கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள், மனசு ஆறும். ஆனால் 18,000 ரூபாய் கடன் வேண்டாம். இந்த மாதம் உங்கள் கையில் மிஞ்சும் காசு பஸ்ஸுக்கும், அரசு மருத்துவமனையில் எடுக்க முடியாத ஒன்றிரண்டு பரிசோதனைக்கும் தேவைப்படும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள்.

நிலத்தை விடலாமா?

முடிவு தெரியாமல் விடாதீர்கள். சிகிச்சை பலித்தால் சம்பாவுக்கு அவர் வரப்பில் நிற்க வாய்ப்பு உண்டு. நான் வக்கீல் இல்லை. ஆனாலும் டெல்டாவில் இத்தனை வருஷம் இருந்ததில் ஒன்று தெரியும். 1955ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில், தானோ குடும்பத்தாரோ உடல் உழைப்பைப் போட்டுப் பயிர் செய்பவர்தான் சாகுபடி குத்தகைதாரர். நீங்கள் நின்று நட்டாலும் அது அவர் சாகுபடிதான். “இந்தப் போகம் நடாவிட்டால் வேறு ஆள்” என்று நில உரிமையாளர் வாயால் சொன்னதற்காக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். குத்தகைப் பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா, பாக்கி ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். ஆலோசனைக்குக் காசு கிடையாது. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால், நிவாரணம் ஏதும் உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பிள்ளைகளும் திண்ணையும்

திண்ணையில் தரையில் படுக்கும் பிள்ளைகளுக்கு நான் பயப்படுவது கட்டுவிரியனுக்குத்தான். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையம், ராத்திரியில் நடமாடும், வீட்டுக்குள் வரும். அதன் கடி எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாது, வீங்காது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை விடியற்காலை வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது என்று எழும். பிறகு கண் இமை தானாக இறங்கும். ‘அஜீரணம்’ என்று கஷாயம் கொடுத்துவிட்டு உட்காரும் அந்த இரண்டு மணி நேரத்தில் மூச்சுத் தசை படுத்துவிடும். இமை தொங்கினால் கடிவாய் தேடாமல் கிளம்பிவிடுங்கள்.

கட்டில் வாங்குங்கள், பழைய கயிற்றுக் கட்டில் போதும். கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிப் படுக்கவையுங்கள். கொசுவலை பாம்பையும் தடுக்கும். கட்டில் வரும்வரை தரையில் படுத்தாலும் இப்படிச் செருகிய வலை பெரிய காவல். வைக்கோல் போர், விறகு, கோழிக்கூடு மூன்றையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். நெல் மூட்டையைப் பலகை மேல் அடுக்குங்கள். எலி குறைந்தால் பாம்பு குறையும். வயலில் எலி பிடிக்கத் தஞ்சாவூர் கிட்டி வைப்பதும், கூகை உட்கார ஆங்கில ‘T’ வடிவில் கம்பு நடுவதும் நம் பக்கத்து வழக்கம். சாரையும் எலி தின்னும் காவலாளிதான், அதை அடிக்கவிடாதீர்கள். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லுங்கள், வந்து பிடித்துப் போவார்கள்.

ராத்திரி மடை திறக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் டார்ச்சும் தடியும் வேண்டும். தடியைத் தரையில் தட்டிக்கொண்டே நடந்தால் அதிர்வில் பாம்பு விலகும். ஆனால் கண்ணாடி விரியன் சட்டென்று விலகாது, சுருண்டபடியே குக்கர் மாதிரிச் சீறும். சீறல் கேட்டால் அப்படியே நின்று, எங்கே என்று பார்த்துப் பின்வாங்குங்கள். சேற்றில் பூட்ஸ் சரிப்படாது. வரப்பிலும் களத்திலும் நடக்கும்போது முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் போடலாம். உங்கள் கணவர் களத்துக்குப் போனது வெறுங்காலோடு என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

இனி யாருக்குக் கடித்தாலும் துண்டால் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். இறுக்கிய கட்டு காலையே அழுகவைக்கும், அவிழ்த்ததும் விஷம் மொத்தமாக ஏறும். மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிந்த காலுக்குச் செய்வதுபோல மூங்கில் சட்டம் வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் 108க்குச் சொல்லுங்கள். வண்டி தாமதமானால் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கிளம்புங்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்துக்குக் கட்டணம் இல்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள், பலர் மருத்துவமனை வாசலையே பார்க்காதவர்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு இதை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அப்படி எண்ணத் தொடங்கினால்தான் எந்த ஊரில் எத்தனை குப்பி இருக்க வேண்டும் என்று தெரியும்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனையிலேயே நகல் கேட்கலாம், அது உங்கள் உரிமை. புறநோயாளிப் பிரிவில் கூட்டம் இருக்கும். உங்கள் கணவர் கேட்டால் ஒழிய “ஒண்ணுமில்லை, கொஞ்சம் அசதி” என்பதற்கு மேல் பேசமாட்டார். நீங்களும் கூச்சப்படுவீர்கள். அதனால் கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதி, டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்து மருத்துவர் கையில் கொடுத்துவிடுங்கள்:

“ஐந்து மாதம் முன்பு பாம்பு கடித்தது, கண்ணாடி விரியனாக இருக்கலாம். ரத்தம் உறையவில்லை, ஆறு முறை டயாலிசிஸ் செய்தார்கள். அதற்குப் பிறகு சோர்வு, எழுந்தால் தலைசுற்றல், குளிர், தாடி முளைப்பது நின்றது, ஆண்மைக் குறைவு. பிட்யூட்டரி பாதிப்பு இருக்குமா என்று பார்க்க வேண்டும். காலை கார்டிசால், ஃப்ரீ டி4 எடுக்க வந்திருக்கிறோம்.”